வியாழக்கிழமை பிறந்த சங்கம்

14 மே 1957, செவ்வாய்

இன்று மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு மலாக்கா வட்டார அபாயச் சரக்குக் காப்பாளர் சங்கம் தொடங்கப்பட்டது. நாலே காலுக்கு, அது இன்று தொடங்கப்படவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். சங்கத்தின் முதல் தீர்மானம் இதுதான். சரித்திரத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

காரணத்தை எழுதி வைக்கிறேன். காஜா பேராங் பகுதியில் அப்துல் சமது பாயின் மண்ணெண்ணெய்க் கடை மாடியில் ஏழு பேர் கூடினோம். தலைவர் அப்பாசாமி ஒரு ஏஜென்சி கம்பெனியில் முப்பது வருடமாக ஆசிட் ஜாடிகளைக் காப்பவர். வரவேற்புரையை முடித்து உட்காரும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. செவ்வாய், மூன்று முதல் நாலரை, ராகு காலம். சங்கம் பாதி பிறந்துவிட்டது. கால்மணி நேரம் பொறுத்து மறுபடி தொடங்கலாமே என்றேன். பாய்க்கு அஸர் தொழுகை. உறுப்பினர் நடராஜனுக்கு ஜாசின் போகும் பஸ். ஆகவே நடவடிக்கைக் குறிப்பில் 16 மே, வியாழன், மாலை நாலு மணி என்று எழுதுவதென முடிவாயிற்று. அது சுத்தமான நேரமாம். பாய் ஆட்சேபிக்கவில்லை. வியாழன் பொழுது சாய்ந்தால் வெள்ளி ராவு, எங்களுக்கும் நல்லதுதான் என்றார்.

புகைப்படக்காரர் எங்களை வரிசையில் நிறுத்தினார். பின்சுவரில் தினசரி நாட்காட்டி 14 என்று காட்டிக்கொண்டிருந்தது. அப்பாசாமி எழுந்துபோய் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டு வந்து நின்றார். படம் எடுத்தார்கள்.

ஓரத்தில் நின்றவர் கலியாணசுந்தரம். சுங்கை மெலூர் தோட்டத்தில் ஸ்டோர் கணக்கு பார்க்கும் கிராணி. ரப்பர் பால் உறையப் போடும் ஆசிட்டும், லாலாங் புல்லுக்கு அடிக்கும் ஆர்செனிக் மருந்தும் அவர் பொறுப்பு. தோட்டத்து மேனேஜர் துரையிடம் அரைநாள் லீவு வாங்கி வந்திருக்கிறார். இது என்ன சங்கம் என்று துரைக்குப் புரியாததால்தான் லீவு கிடைத்ததாம். புரிந்துகொள்ளும் பழக்கம் அந்தத் துரைக்கு இல்லை என்று தோட்டத்தில் பேச்சு. கலியாணசுந்தரம் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். என்னவென்று கேட்டேன்.

"ஸ்டோர் சாவிய மண்டோர்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேண்ணே. ஆபீஸ் பெட்டியில போட்டிருக்கணும். பஸ்ஸு போயிரும்னு ஓடி வந்துட்டேன்."

இன்று வேலையைப் பற்றிப் பேசியவரும் அவர் ஒருவர்தான். காலி மருந்து டிரம்மில் ஓட்டை போட்ட பிறகே ஸ்டோரை விட்டு வெளியே விட வேண்டும், ஜனங்கள் தண்ணீர் பிடிக்கத் தூக்கிப் போய்விடுகிறார்கள் என்றார். நல்ல யோசனை, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வோம் என்றார் தலைவர்.

நான் செயலாளர். சினிமாக் கம்பெனியின் படச்சுருள் கிடங்கைப் பார்ப்பவன். சுருளில் ஒரு பொறி பட்டால் போதும், கிடங்கே பற்றிக்கொள்ளும். மற்றவர்கள் விஷத்தைக் காக்கிறார்கள். நான் காதல் காட்சிகளைக் காக்கிறேன்.

15 மே, புதன்

நேற்றைய கூட்டத்தை நாளை நடந்ததாக எழுதி முடித்தேன். குறிப்பு நன்றாக வந்திருக்கிறது.

16 மே, வியாழன்

இன்று மாலை நாலு மணிக்கு சங்கம் தொடங்கியது. நான் கிடங்கில் சுருள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

17 மே, வெள்ளி

சங்கத்தைப் பதிவு செய்ய மனு அனுப்பியாயிற்று. குறிப்பின் நகலும், ஏழு பேர் பெயரும் இணைப்பு. அவசர காலச் சட்டம் இன்னும் இருக்கிறது, பதிவில்லாத சங்கம் என்றால் போலீஸ் வரும் என்று அப்பாசாமி அவசரப்படுத்தினார். தபாலாபீசுக்குப் போகும் வழியில் பாய் கூப்பிட்டு, இன்று என்ன தேதி தம்பி என்று கேட்டார். அவருடைய நாட்காட்டி பத்தொன்பது என்கிறது. தினம் காலையில் ஒரு தாள் கிழிப்பது அவர் வழக்கம், அதை மாற்றுவதாயில்லை.

19 மே, ஞாயிறு

கலியாணசுந்தரம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு — நாங்கள் மாடியில் மாலை போட்டுக்கொண்டிருந்த நேரம் — தொழிலாளர் லயத்துப் பெண்கள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க ஒரு காலி டிரம் கேட்டிருக்கிறார்கள். சாவி, தொழிலாளிகளை மேற்பார்க்கும் மண்டோர் கையில் இருந்தது. திறந்து கொடுத்துவிட்டார். மூன்று தடவை கழுவித்தான் வைத்தார்களாம். அந்த மருந்து உப்புக் கரிக்கும். மாடுகளுக்கு உப்பு பிடிக்கும். புதன் காலையில் ஒன்பது மாடுகள். எல்லாம் தொழிலாளிகளுடையவை.

வியாழன் மாலை நாலு மணிக்குத் துரை விசாரணை வைத்திருக்கிறார். சாவி எங்கே இருந்தது என்று கேட்டிருக்கிறார்.

"ஆபீஸ் பெட்டியில போட்டுட்டுத்தான் போனேன்னு சொல்லிட்டேண்ணே. வாயில வந்துருச்சு. மண்டோரு பக்கத்துலதான் நின்னாரு. ஒண்ணுமே பேசல."

நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன்?

அபாயச் சரக்கைப் பத்திரமாகக் காக்க ஒரு சங்கம் தொடங்கினோம். அதைத் தொடங்க வந்ததால் ஒருவர் ஸ்டோரில் இல்லை. இதை எந்த வரிசையில் எழுதினாலும் எனக்குச் சரியாக வரவில்லை.

3 ஜூன், திங்கள்

சுங்கை மெலூர் துரையிடமிருந்து சங்கத்துக்கு முதல் கடிதம். நல்ல தாள். கலியாணசுந்தரம் அன்று உங்கள் கூட்டத்துக்கு வந்தாரா, நடவடிக்கைக் குறிப்பின் உண்மை நகல் ஒன்று அனுப்பவும் என்று கேட்டிருக்கிறார்.

அப்பாசாமியிடம் ஓடினேன். கூட்டம் செவ்வாய் நடந்தது என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

"சர்க்காருக்கு வியாழன்னு எழுதிட்டு, தொரைக்கு செவ்வாய்னு எழுதுறதா? ரெண்டையும் ஒருத்தன் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா சங்கமே போச்சு, கருணா. கேட்டது உண்மை நகல். உண்மை நகல அனுப்பு."

உண்மை நகல் அனுப்பினேன். பொய்யின் உண்மை நகல். ஒரு எழுத்தும் மாறவில்லை. புகைப்படத்தையும் இணைத்தேன், அதில் அவர் முகம் இருக்கிறதே என்று.

நாட்காட்டி நினைவுக்கு வந்தது தபாலில் போட்ட பிறகுதான்.

12 ஜூன், புதன்

சங்கத்தின் முத்திரை வட்டமா, முட்டை வடிவமா என்று ஒன்றரை மணி நேரம். வட்டம். காலி டிரம் விஷயம் நேரமின்மையால் ஒத்திவைப்பு.

17 ஜூன், திங்கள்

துரையின் பதில். கலியாணசுந்தரம் செவ்வாய்க்கிழமை கூட்டம் என்று லீவு வாங்கினார், உங்கள் குறிப்பின்படி கூட்டம் வியாழன். ஆகவே செவ்வாய் அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. மேலும் வியாழன் நாலு மணிக்கு அவர் காஜா பேராங்கில் இருந்ததாகக் குறிப்பும் படமும் சொல்கின்றன. அதே வியாழன் நாலு மணிக்கு அவர் துரையின் மேசைக்கு முன்னால் நின்றார். இதை விளக்க முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். ஒரே நிமிடத்தில் முடியும். ஆனால் யார் விளக்குவது?

கலியாணசுந்தரத்துக்கு வேலை போயிற்று. அதைவிட, வேலைச் சான்றிதழில் துரை ஒரு சொல் எழுதப்போகிறாராம்: நம்பத்தகாதவர். அந்த ஒரு சொல்லோடு மலாயாவில் எந்தத் தோட்டமும் அவருக்கு வாசற்கதவு திறக்காது. ஆகஸ்டு கடைசிக்குள் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

20 ஜூன், வியாழன்

அவசரக் கூட்டம். கலியாணசுந்தரத்தை அழைக்கவில்லை. குழப்பத்தை நீக்க வழி கண்டுவிட்டார்கள். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது, ஆகவே அவர் எங்கள் இடத்தில் இல்லை. குறிப்பிலிருந்து பெயரை நீக்குவது. பதிவாளருக்கும் திருத்தம் அனுப்புவது.

பெயரைத் திருத்தலாமென்றால் கிழமையையும் திருத்தலாமே என்று கேட்டேன்.

"பேரு எழுத்துப் பிழை," என்றார் அப்பாசாமி. "கிழமை கொள்கை."

பாய் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, மனுசன் அன்னிக்கு என் பெஞ்சுலதானே உக்காந்திருந்தாரு என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வாக்கெடுப்பில் அவர் கையும் மேலே போயிற்று. என் கையும்.

அடிக்கோல் வைத்துத்தான் அவர் பெயர்மேல் கோடு போட்டேன். நேராக விழவில்லை.

7 ஜூலை, ஞாயிறு

சுதந்திர தினத்தை ஒட்டி சங்கத்தின் வரலாறு ஒன்று நூலாக வெளிவர வேண்டும் என்று தலைவர் விரும்புகிறார். எட்டுப் பக்கம். பழைய ஆட்சி போய்ப் புதிய ஆட்சி வரும்போது நாம் வெகுகாலமாக இருப்பது போலத் தெரிய வேண்டுமாம். சங்கத்துக்கு வயது எட்டு வாரம். வாரத்துக்கு ஒரு பக்கம். கிடைக்கும்.

முதல் வாக்கியம் மட்டும் வரவில்லை. 'இச்சங்கம்' என்று எழுதிவிட்டு மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர் ராஜரத்தினம் வாடகைக்கு வந்தார். பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் செட்டி வம்சம், தமிழ் பேச வராது, மலாயில்தான் பேச்சு. என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன், ராகு காலம் உட்பட. அவருடைய பாட்டனார் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்கிறவர். ராகு காலத்தில் ஒரு காரியம் நடந்துவிட்டால் பரிகாரம் செய்வார்களே, காரியம் நடக்கவே இல்லை என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டார். மலாயில் அதற்குச் சொல் தெரியவில்லை. தமிழிலும் தெரியவில்லை.

23 ஜூலை, செவ்வாய்

'இச்சங்கம்'.

4 ஆகஸ்டு, ஞாயிறு

கலியாணசுந்தரத்தின் மனைவி பூங்காவனம் என் மனைவி கமலவேணியைப் பார்க்க வந்திருந்தார். என்னைப் பார்க்க வரவில்லை என்பது நான் கூடத்துக்கு வந்ததும் அவர் எழுந்து நின்ற விதத்தில் தெரிந்தது. நாகப்பட்டினத்துக்குக் கப்பல் டிக்கட் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். அங்கே யாரும் இல்லை. இரண்டு பேருமே இங்கே பிறந்தவர்கள்.

அவர் போன பிறகு கமலவேணி சோற்றைப் போட்டாள். நான் இரண்டாம் கவளம் எடுக்கும்போது கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு செவ்வாய்க்கெழமதானே போனீங்க?"

"ஆமாம்."

"அது யாருக்கும் தெரியாதா?"

"எழுத்தில் இல்லை."

"பொட்டியில பூட்டி வச்சுக்கிட்டு தெனமும் எழுதுறீங்களே லா, அதுல என்ன கெழம போட்டிருக்கு?"

கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டை எடுத்தேன்.

14 மே 1957, செவ்வாய். என் கையெழுத்து. எல்லாம் இருக்கிறது. ராகு காலம், கிழித்த தாள்கள், ஜாசின் பஸ். துரை கொடுத்த அரைநாள் லீவு இருக்கிறது. ஓரத்தில் நின்றவர் இருக்கிறார். இந்த ஊரில் அந்தச் செவ்வாய்க்கிழமை மிஞ்சியிருக்கும் ஒரே இடம் இந்தப் பக்கம்தான்.

அந்தச் சாவியும் இதே பக்கத்தில் இருக்கிறது. அவர் சொன்னது சொன்னபடியே. மண்டோர்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேண்ணே.

எதற்கு எழுதினேன்? எழுதாமல் இருந்திருக்கலாம். யாருக்கு வேண்டியிருந்தது அது? ஒரு சங்கத்துக்கே பொய்க்குறிப்பு எழுதினவன், என் நோட்டில் மட்டும் ஏன் —

கத்தரிக்கோல் மேசையில்தான் இருக்கிறது. அந்த மூன்று வரியை வெட்டிவிட்டால் எல்லோரும் பிழைப்பார்கள். பிறகு அது என் நோட்டுப் பக்கமா, சங்கத்துக் குறிப்பா? பின்பக்கத்தில் பதினாறாம் தேதி இருக்கிறது. அதிலும் ஓட்டை விழும்.

6 ஆகஸ்டு, செவ்வாய்

நான் வெட்டவில்லை. கலியாணசுந்தரத்தையே வரச் சொன்னேன். நோட்டை அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஆசிட் பட்டு வெளுத்த விரலால் வரிகளுக்கு அடியில் கோடு இழுப்பதுபோல் மெதுவாக. சாவி வரியில் விரல் நின்றது.

இதைக் காட்டினால் நீங்கள் அன்று கூட்டத்தில் இருந்தது நிரூபணம் ஆகும், விசாரணையில் சொன்னது பொய் என்பதும் நிரூபணம் ஆகும் என்றேன். அவருக்கே தெரிந்ததை அவருக்குச் சொன்னேன்.

நோட்டை மூடினார். பிறகு, மண்டோர் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்றார். செத்த ஒன்பதில் இரண்டு மாடு மண்டோருடையது என்றும் சொன்னார். அது எனக்குத் தெரியாது.

"நான் செஞ்ச தப்பு சாவிய மாத்திக் குடுத்தது. அதுக்கு என்ன எழுதினாலும் வாங்கிக்கிறேன். போகாத எடத்துக்குப் போனேன்னு சொன்னவன்னு எழுதினா... நான் போனேண்ணே. படத்துல நிக்கிறேன்ல?"

"நிற்கிறீர்கள்."

"அப்ப காட்டுங்க. அந்த வரியோடவே காட்டுங்க."

12 ஆகஸ்டு, திங்கள்

சுங்கை மெலூருக்குப் போய் வந்தோம். கம்பெனியில் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன்.

துரைக்குத் தமிழ் படிக்க வராது. பெரிய கிராணி தேவதாஸ் வரிவரியாகப் படித்து ஆங்கிலத்தில் சொன்னார். என் எழுத்தை இன்னொருவர் வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை. புரிந்துகொள்ளும் பழக்கம் அந்தத் துரைக்கு இல்லை என்ற வரி வந்தது. தேவதாஸ் ஒரு விநாடி கண்ணாடியைத் துடைத்தார். மேனேஜர் பெருந்தன்மையோடு லீவு கொடுத்தார் என்று மொழிபெயர்த்தார். துரை தலையசைத்தார்.

சாவி வரியை அவர் ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னார்.

பிறகு துரை ராகு காலம் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். நாட்காட்டியைக் கிழித்தது யார் என்றார். சங்கத்தின் தலைவர் என்றேன். எதைக் காக்கும் சங்கம் என்றார். அபாயச் சரக்கு என்றேன்.

கலியாணசுந்தரத்தைப் பார்த்து, சாவியை ஏன் அப்போதே ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்டார். பயம் என்றார் இவர். தமிழில்தான் சொன்னார். தேவதாஸ் மொழிபெயர்க்குமுன் துரை பேனாவை எடுத்துவிட்டார்.

வேலை திரும்பாது. வீட்டைக் காலி செய்யும் தேதியும் மாறாது. சான்றிதழில் சொல் மாறியது: கவனக்குறைவானவர். தேவதாஸ் தட்டச்சு செய்தார். கலியாணசுந்தரம் அதை மடிக்காமல் மலாக்கா வரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் முன்னிருக்கைக்காரர் என்ன, நல்ல சேதியா என்று கேட்டார். ஆமா என்றார்.

13 ஆகஸ்டு, செவ்வாய்

அப்பாசாமிக்குச் செய்தி போய்விட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வரலாறு எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார். அந்தத் துரை நோட்டைத் தானே வைத்துக்கொண்டாரா என்றும் போகிறபோக்கில் கேட்டார். இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்றேன். அப்ப சரி என்றார்.

அப்ப சரியா? எது சரி? நான் செய்தது நல்லதா, அரைகுறையா? துரைக்குச் செவ்வாய், பதிவாளருக்கு வியாழன். செயலாளராக இதில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை.

20 ஆகஸ்டு, செவ்வாய்

முதல் வாக்கியம் வந்துவிட்டது. 'இச்சங்கம் 1957ஆம் ஆண்டு மே மாதம் பதினாறாம் நாள் வியாழக்கிழமை ஆறு ஸ்தாபக உறுப்பினர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது.' மற்ற ஏழரைப் பக்கமும் இன்று பிற்பகலிலேயே முடிந்தன. எழுதியவர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அடக்கம் என்று பாராட்டினார்கள்.

31 ஆகஸ்டு, சனி

சுதந்திரம்.

காலையில் பாயின் கடை மாடியில் எல்லோரும் ரேடியோ கேட்டோம். கோலாலம்பூரில் மழையாம், எட்டு மணிக்குத் தொடங்க வேண்டியது தள்ளிப்போயிற்று. பிரகடனத்தைப் படிக்கும்போது ஒன்பது மணிக்கு மேலாகிவிட்டது. சனிக்கிழமை, ஒன்பது முதல் பத்தரை. அப்பாசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பின்சுவரைப் பார்த்தார். நாட்காட்டி இரண்டாம் தேதி என்றது. பாய் எல்லோருக்கும் கோப்பி வரவழைத்தார்.

கீழே தெருவில் கலியாணசுந்தரத்தின் சாமான்கள் வந்த லாரி நின்றது. கப்பலுக்குப் போகவில்லை. மலாக்காவிலேயே உஜோங் பாசிரில் ஒரு அறை பிடித்திருக்கிறார்கள். பாய் இறங்கிப்போய் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று மாடியிலிருந்து கேட்கவில்லை.

16 செப்டம்பர், திங்கள்

வரலாறு அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் புகைப்படம். கலியாணசுந்தரம் ஓரத்தில் நின்றதால் அவரை வெட்டுவது எளிதாக இருந்ததாம். நடராஜனின் தோளுக்கு அருகே ஒரு முழங்கை மட்டும் தங்கிவிட்டது. பதிவுச் சான்றிதழும் வந்தது. காலி டிரம் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு.

கலியாணசுந்தரம் இன்று அப்துல் சமது பாயின் மண்ணெண்ணெய்க் கிடங்கில் ஸ்டோர் கிராணியாகச் சேர்ந்தார். பகல் முழுக்கக் காலி டின்களில் ஆணி வைத்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கிடங்குச் சாவி பாயின் இடுப்பு வாரில் இருக்கிறது.